ஆறாவது கேள்வி

அறுபது பேருக்கு முட்டிவலி. அந்த அறுபது பேரையும் வாரத்துக்கு ஒரு தடவை போனில் கூப்பிட்டு ஏழு கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லாரும் அவளைப் போன்காரி என்றார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டால் மட்டும் என்ன, டாக்டர் பட்டமா கொடுத்துவிடப் போகிறார்கள்?

வீக்கத்துக்கு என்று தலைமுறை தலைமுறையாக அரைத்துக் குடித்துவந்த ஒரு வேர். அது நிஜமாகவே வீக்கத்தை வற்றவைக்கிறதா, வேறு கெடுதல் ஏதும் செய்யாமல் இருக்கிறதா என்று அத்தாட்சியோடு காட்டவேண்டும் என்பது பேராசிரியரின் இருபது வருடத்து ஆசை. முப்பது பேருக்கு வேர் மாத்திரை, முப்பது பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. பட்டியல் ஒட்டிய உறைக்குள், உறை பூட்டிய அலமாரிக்குள்.

ஏழில் ஆறாவது கேள்விதான் முக்கியம். உடம்பில் புதிதாக ஏதாவது தொந்தரவு உண்டா? உண்டு என்று சொன்னால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். விதி அப்படி.

நாற்பத்தொன்றாம் எண் ஒரு தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைப்பவர். வலது முட்டி வீங்கி மிஷினை மிதிக்க முடியாமல் போய் வந்து சேர்ந்தவர். முதல் நாள் டாக்டர் முட்டியின் சுற்றளவை எடுத்தபோதே, "நாடாவை இப்படியா தொளதொளன்னு பிடிப்பாங்க? குடுங்க இங்க" என்று பிடுங்கித் தானே அளந்து காட்டினார். அன்றைக்கே போன்காரிக்கு அவர்மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. மற்றவர்களை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறவள், இவரிடம் மட்டும் கால் மணி நேரம் பேசுவாள்.

ஐந்தாம் வாரம் தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"முழுசா ரெண்டு மணி நேரம் மிதிச்சேன் தங்கச்சி! மிஷினுக்கு மோட்டார் வெச்சுட்டியான்னு பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா."

"சந்தோஷம்க்கா. ஆறாவது கேள்வி. புதுசா ஏதாவது தொந்தரவு?"

"கொஞ்சம் அரிப்பு. உள்ளங்கை, உள்ளங்கால், உடம்பு பூரா." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ, எழுதிடாதே. எழுதினா மாத்திரையை நிறுத்திடுவீங்கல்ல?"

"நிறுத்தணும்க்கா."

"வேணாம் கண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் மிஷின்ல உக்காந்திருக்கேன். அரிப்புதானே, சொறிஞ்சுட்டுப் போறேன்."

போன்காரியின் பேனா 'உண்டு' என்ற கட்டம் வரை போனது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பாவம் பார்த்தாள், அவ்வளவுதான். ஆறாம் வாரமும் அரிப்பு, ஏழாம் வாரமும் அரிப்பு, இரண்டுக்கும் 'இல்லை'. எட்டாம் வாரத்திலிருந்து தையல்காரம்மாவே, "ஆறாவதுக்கு இல்லைன்னே போட்டுக்கோ" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் வாரம் எல்லாருக்கும் கடைசி ரத்தப் பரிசோதனை. சீருடை தைக்கும் நெருக்கடி என்று தையல்காரம்மா வரவில்லை. வாங்க, வாங்க என்று மற்றவர்களை நச்சரித்துக் கொண்டிருந்த போன்காரி, அவரை இரண்டாவது தடவை கூப்பிடவே இல்லை. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்து உறையைப் பிரித்தார்கள். வேர் தின்றவர்களுக்கு வீக்கம் நன்றாகவே வற்றியிருந்தது. ரத்தத்திலும் அது தெரிந்தது. மாவு தின்றவர்களிலும் சிலருக்கு வலி குறைந்திருந்தது. அது எப்போதும் நடப்பதுதான் என்றார் பேராசிரியர். "ஒருத்தருக்குக்கூட ஒரு கெடுதல் இல்லைன்னு கட்டுரையில எழுதலாம்!" என்று மேஜையைத் தட்டினார். போன்காரிக்குத் தையல்காரம்மா ஞாபகம் வந்தது. வேரால் வந்த அரிப்பாக இருந்தால்? இந்தக் கட்டுரையை நம்பி நாளைக்கு ஊரெல்லாம் அதை வாங்கித் தின்னுமே! பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றைத் தேடினாள்.

மாவு.

போன உயிர் திரும்பி வந்தது. வேர்மேல் பழியில்லை, கட்டுரையில் பொய்யில்லை, தன்மேலும் குற்றமில்லை. வாசலில் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, யாருக்கு எந்த மாத்திரை என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினாள். நாற்பத்தொன்றாவது போனை மகள் எடுத்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க மேடம். பித்தக்குழாய்ல கட்டியாம். ஒரு மாசமாச்சு. கண்ணெல்லாம் மஞ்சளானப்புறம்தான் கூட்டிட்டுப் போனேன். அரிப்பு ஆரம்பிச்சப்பவே ஒரு ரத்தம் எடுத்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாமாம். இப்ப முடியாதுன்னுட்டாங்க."

போன்காரி பட்டியலை மூடி வைத்தாள்.

"வாராவாரம் போன் பண்ணிக் கேட்டாங்களே, அவங்ககிட்டகூடச் சொல்லலையான்னு அம்மாவைக் கேட்டேன். சொல்லலைன்னுட்டாங்க."

மாவு என்று படித்ததும் சந்தோஷப்பட்டோமே என்பதுதான் அவளை முதலில் அறுத்தது. வேரைப் பற்றிக் கவலைப்பட்டாள், கட்டுரையைப் பற்றிக் கவலைப்பட்டாள், தன்னைப் பற்றிக் கவலைப்பட்டாள். அந்த அரிப்பு எதனால் வந்தது என்று ஒரு நாளாவது நினைத்தாளா?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் தையல்காரம்மா பாதியாகக் கிடந்தார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். போன்காரி வாயைத் திறக்குமுன் அவரே முந்திக்கொண்டார்.

"நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அப்படியே இருக்கட்டும். என் வாயால உன் வேலை போகணுமா?"

"அக்கா..."

"அதை விடு. என் டப்பால இருந்தது மருந்துதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இப்படிப் பாவம் பார்த்துத்தான் இவரை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"வெறும் மாவுக்கா."

தையல்காரம்மா போர்வைக்குள் கையை விட்டு முட்டியைத் தடவிப் பார்த்தார். "அப்ப முட்டி எப்படி நல்லாச்சு?"

"தெரியலைக்கா. சில பேருக்கு அப்படி ஆகுமாம்."

"மாவுக்காகவா மறைச்சேன்?" என்றார் அவர். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மகள் மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். "இதுதான் அந்த போன் மேடம்" என்று தையல்காரம்மா அவசரமாகச் சொல்லி, பேசாதே என்பதுபோல் போன்காரியின் மணிக்கட்டைப் பிடித்தார். போன்காரி எழுந்து நின்றாள்.

"உங்கம்மா என்கிட்ட சொன்னாங்க. மூணு வாரம் சொன்னாங்க. இல்லைன்னு எழுதினது நான். பரிசோதனைக்கு அனுப்பாததும் நான். இங்கேருந்து நேரா பேராசிரியர்கிட்டதான் போறேன். கட்டுரையில போறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்."

மகள் அவளைப் பார்க்கவே இல்லை. மருந்துப் பையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா உன்னைத் திட்டிட்டே இருக்கேனேம்மா" என்றாள். "ஏன் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலைன்னு, தினமும் திட்டினேனே."