கை எட்டாத தூரம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் சித்தி கொடுத்தது. தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். முடித்ததும், "வேணும்னா எழுதிக்கோடி. ஆனா என்னை நல்லவளா மட்டும் எழுதிடாத" என்றாள்.

அன்றிலிருந்து தொடக்கங்களை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

"சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்த அன்று வானம்…" (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

"கால் என்பது மனிதனின்…" (கட்டுரைப் போட்டியா இது?)

"பொறுமையே உருவான என் சித்தி…" (இதைத்தான் எழுதாதே என்றாள்.)

சரி. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

சித்தப்பா பெயிண்டர். உயரக் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பவர். சாரத்துப் பலகை சரிந்து விழுந்தார். முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது. வலது பாதம் மட்டும் தொங்கிப்போயிற்று.

நடக்கும்போது நம் பாதம் தானாக மேலே தூக்கிக்கொள்வதை நாம் கவனிப்பதே இல்லை. அவருக்கு அது தூக்கவில்லை. விரல் தரையில் இடறும். இடறாமல் இருக்க இடுப்பையே தூக்கிக் காலை வீசி வைப்பார். வைத்தால் முதுகு வலி உயிரை எடுக்கும். குப்புற விழுந்து முகத்தில் அடிபட்ட பிறகு கட்டிலைவிட்டு இறங்குவதையே குறைத்துக்கொண்டார்.

(இனி வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இவ்வளவு மருத்துவம்.)

சித்தப்பா அடிப்பார். குடித்துவிட்டு என்று இல்லை, குடிக்காமலும்தான். சாவி வைத்த இடத்தில் இல்லையென்றால், கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "கொஞ்சம் கோபக்காரர்" என்று சொல்லி மூடி வைத்திருந்தோம்.

"கட்டில்லேருந்து அவர் கை எவ்ளோ தூரம் எட்டும்னு எனக்கு டேப் இல்லாமலே தெரியும்" என்றாள் சித்தி. "தையல்காரி இல்லையா? அந்தத் தூரத்துக்கு வெளிய நின்னுக்கிட்டே எல்லாம் செஞ்சேன். தட்டை நீட்டிட்டு நகந்துருவேன். கல்யாணமாகி அப்பதான்டி நிம்மதியா தூங்கினேன்."

3

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண்தான் முதலில் சொன்னாள்: "ஒரு பிரேஸ் போட்டா நடந்துருவாரும்மா."

"நடந்துருவாரா?" என்று சித்தி கேட்டாள். அந்தப் பெண் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிரேஸ் செய்பவர் கலகலப்பான ஆள். ஈரப் பிளாஸ்டர் துணியைக் காலில் சுற்றி, தொங்கும் பாதத்தை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "சார், கால் அப்படியே கதாநாயகன் கால் சார், முகம்தான் வில்லன் முகம்" என்றார். சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

அந்த அச்சை வைத்து, சூடாக்கி வளைத்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பிரேஸ் வந்தது. கெண்டைக்காலின் பின்பக்கம் தொடங்கி உள்ளங்கால்வரை ஒரே வளைவு. இழுத்து ஒட்டும் பட்டைகள். அதன்மேல் ஷூ. பாதம் தொங்க நினைத்தாலும் அது விடாது.

"புதுசுல சிவக்கும். கழட்டின கொஞ்ச நேரத்துல அது மறையணும்" என்றார் அவர். "மறையலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. அந்த எடத்துல பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி வெளிய தள்ளிவிட்டா போதும், சின்ன வேலை."

சிவப்பு மறையவில்லை. கணுக்கால் எலும்பின்மேல் அப்படியே நின்றது.

"எரியுது" என்றார் சித்தப்பா.

சித்தி குனிந்து பார்த்தாள். "அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

[இந்த இடத்தில், பள்ளிச் சீருடை தைக்கும் அவசரத்தில் சித்தி மறந்துவிட்டாள் என்று எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. அடித்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.]

சில நாளில் தோல் உரிந்தது. அவர் போடுவதை நிறுத்தினார். சித்தி பிரேஸைத் துடைத்து பீரோவின்மேல் ஏற்றி வைத்தாள்.

4

ஒரு மத்தியானம் மெஷின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்தப்பா தனியாகச் சுவரைப் பிடித்து பாத்ரூமுக்குப் போயிருக்கிறார். ஈரத்தில் விரல் இடறி விழுந்துவிட்டார். சித்தி போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிடவே இல்லை.

"ஏன் கூப்பிடல?"

"எரியுதுன்னு சொன்னேன்ல" என்றார். "அப்பவே தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

 "தூக்கிவிடு" என்று கையை மட்டும் நீட்டினார். நெடுநாளைக்குப் பிறகு அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

(அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுத ஆசை. ஒரு பக்கமே எழுதினேன், அழகான பச்சாதாபம். ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.)

5

மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். புண்ணைப் பார்த்த பிரேஸ்காரருக்குக் கலகலப்பு போய்விட்டது. "ஏம்மா, முன்னாடியே வந்திருக்கலாமே?" என்றார். சித்தி தரையைப் பார்த்தாள். "எனக்குத்தான் நேரமில்ல" என்றார் சித்தப்பா.

கட்டிலில் கிடந்தவருக்கு நேரமில்லையாம்.

புண் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் போனார்கள். அதற்குள் பிரேஸ்காரர் சூடு காட்டிப் பிளாஸ்டிக்கை வெளியே தள்ளியிருந்தார். உள்ளே மெத்தென்று ஒரு பஞ்சுப் பட்டையும் ஒட்டியிருந்தார். சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டு, நடைப் பயிற்சிக்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினார்.

"அம்மா, நீங்க அந்தக் கோடியில நில்லுங்க. உங்களைப் பாத்து நடக்கட்டும்."

நின்றாள். சித்தப்பா நடந்தார். பாதம் இடறவில்லை. இடுப்பைத் தூக்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கவில்லை. சாதாரணமாக, ஒரு மனிதன் நடப்பதுபோல, அவளை நோக்கி நடந்து வந்தார்.

கை எட்டும் தூரத்துக்கு அவர் வந்ததும் சித்தியின் உடம்பு தானாகப் பின்னால் போயிற்று. முதுகு சுவரில் இடித்தது.

"நானா போகலடி. அதுவா போச்சு."

சித்தப்பா அதைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"வாங்க சார், இன்னும் ரெண்டு எட்டுதான்" என்றார் பிரேஸ்காரர்.

சித்தப்பா வரவில்லை. கம்பியைப் பிடித்து மெதுவாகத் திரும்பி, வந்த வழியே மறு கோடிக்கு நடந்து போனார்.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் வாழ்க்கை முடியவில்லையே. இப்போது தினமும் தெருமுனைக் கடைவரை போய் வருகிறார். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. சீக்கிரமே வேலைக்கும் போவார், சாரத்தில் இல்லை, தரையில் நின்று.

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர் திருந்திவிடுகிறார். பிரேஸ் பாதத்தைத் தூக்கும், அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அதை விட்டேன். இன்னொன்றில் அவர் பழையபடி ஆகிவிடுகிறார். அதை எழுதி முடித்த அன்று சித்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சித்தி கடைசியாகச் சொன்னது இதுதான். அவர் முதுகை வளைத்துக் குனியக் கூடாது. ஆகவே வெளியே போய்த் திரும்பியதும் நாற்காலியில் உட்கார்வார். இவள் முன்னால் மண்டியிட்டு, ஷூவைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"அப்போ அவர் கை ரெண்டும் என் தலைக்கு மேல இருக்கும்."

"ஏதாவது செய்வாரா?"

"நேத்து வரைக்கும் ஒண்ணும் செய்யல."

"பயமா இல்லையா சித்தி?"

"இருக்கு. ஆனா அந்தத் தோலை உரிய விட்டது நான். நான்தான பாக்கணும்."

எனக்குத் தெரிந்தது 'நேத்து வரைக்கும்' என்பதோடு முடிகிறது. இன்று சாயங்காலம் அவர் வருவார், உட்கார்வார், அவள் மண்டியிடுவாள். அவர் கை நாற்காலிப் பிடியிலிருந்து எழுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாக்கியம் என்னால் ஆகவில்லை. நீங்கள் எழுதுங்கள். மண்டியிட்டிருப்பவள் உங்கள் சித்தி என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.