போக்குவாவின் குழி

1
எலி கடித்ததால் கிடைத்த கதை இது. கடி வாங்கியவள் போக்குவா. கானா நாட்டுக் குமாசியில் எங்கள் ஆய்வகத்தில் பதினோரு வருடமாகச் சுண்டெலி வளர்ப்பவள். பக்கத்துத் தொட்டியில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் நான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'கர்ப்பகால ஹார்மோனைக் கண்டறியும் ஆன்டிபாடி என்பது'

பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன்.

கருவுற்றவளின் ரத்தத்தில் சுரக்கும் ஹார்மோனைச் சுண்டெலிக்கு ஒரு துளி செலுத்தினால், அதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை எலியின் உடம்பு உண்டாக்குகிறது. கோடிப் பொருள்களுக்கு நடுவே அந்த ஒன்றை! இத்தனை வருடம் ஆகியும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

2
சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அந்த ஆன்டிபாடியைப் பூசி, ஒவ்வொரு குழியிலும் ஒருவர் ரத்தத்தின் தெளிநீரை, அதாவது சீரத்தை, விட்டுக் கழுவி, நிறம் காட்டும் மருந்து சேர்ப்போம். ஹார்மோன் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீராக நிற்கும். ஒப்பிட, ஹார்மோனே இல்லாத ரத்தம் ஒரு குழிக்கு வேண்டும். அதைத் தருபவள் போக்குவா. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தையில்லை.

"வெளியில எதுக்குத் தேடணும்? அதான் நான் இருக்கேனே" என்று அவளே கை நீட்டுவாள்.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? நீ அழுதா அதை எழுது" என்றாள். அடித்துவிட்டேன்.)

3
செவ்வாய்க்கிழமை அவள் குழி மஞ்சளானது.

"அக்கா, மாத்தி ஊத்திட்டியா?" என்றான் தட்டுகளைப் படிக்கும் யியாடம்.

"பதினோரு வருஷத்துல எப்பவாச்சும் மாத்தியிருக்கேனா? வாயை மூடிட்டு வேற தட்டு எடு."

மறுபடியும் மஞ்சள்.

யியாடம் தயங்கினான். "மார்ச்ல எலி கடிச்சுதே... உன் ரத்தம் எலிக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கியிருந்தா, தட்டுல பூசியிருக்கிற எலி ஆன்டிபாடியைப் பிடிச்சுக்கும். ஹார்மோன் இல்லாமலே மஞ்சளாகும்."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: எலியோடு புழங்குகிறவள் ரத்தத்தையா ஒப்பிட வைப்பது? முட்டாள்கள் நாங்கள்.)

"தெரியும்டா. எலி சீரத்தை என் ரத்தத்துல கலந்து வை. எலிக்கு எதிரானதுன்னா அதுலயே சிக்கிக்கும், குழி தெளிஞ்சிடும். நிஜமா ஹார்மோன்னா மஞ்சள் நிக்கும்."

அவள் கை வயிற்றுக்குப் போனது.

4
முடிவு ஒன்று: குழி தெளிந்துவிடுகிறது. அவள் எழுந்து எலிகளுக்குத் தீனி போடப் போகிறாள், சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்து

முடியவில்லை என்னால்.

முடிவு இரண்டு: மஞ்சள். யியாடம் கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடுகிறான். இது என் ஆசை. ஆசையை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எலி சீரம் கலந்த குழியை அவள் மட்டும் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு?"

"என் ரத்தம் யாரையோ கண்டுக்கிச்சு. ஒண்ணு எலியை. இல்லேன்னா..." நிறுத்திக்கொண்டாள். "வயித்துல இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் ஊருக்குச் சொல்ல மாட்டோம். இல்லேன்னாலும் சொல்ல மாட்டோம்." என் பக்கம் திரும்பினாள். "முடிவை நீயும் எழுதாதே."

எழுதவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குழிக்கு யியாடம்தான் கை நீட்டுகிறான். அது இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது: எப்படியிருந்தாலும் அவள் ரத்தம் இனி ஒப்பிட உதவாது. அவளை எங்காவது பார்த்தால், தயவுசெய்து, நீங்களும் கேட்காதீர்கள்.