அண்ணாச்சியின் பின்மண்டை

எட்டே கால் பஸ் அன்றைக்கும் எப்சிபாவைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. சுரண்டையை அடுத்து, ஊருக்குள் ரோடு பிரிகிற அந்த விலக்கில் காலையில் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான். ஆகவே இந்த மரியாதை முழுக்க முழுக்க அவளுக்கே உரியது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் ஒரு கையில் சேலைக் கொசுவமுமாக, ரோட்டோர ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, அவள் ஓடினாள். படியில் கால் வைக்கப் போகிற நேரம் பார்த்து பஸ் இன்னும் ஒரு முழம் நகர்ந்து நின்றது. ஓடவிட்டதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஒரு முழத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

“யக்கா, அண்ணாச்சி கோவமா இருக்காவ,” என்று கண்டக்டர் கடற்கரை டிக்கெட் கொடுக்கிற சாக்கில் குனிந்து சொன்னான். “உங்க பிளாக்கப் பாத்துட்டாவ.”

எப்சிபா சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் அவளுக்கு டைப் அடிக்கிற வேலை. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் வகையறா தோப்பு, வடக்கே வாய்க்கால் என்று நாள் முழுக்க அடுத்தவர் நிலத்துக்கு எல்லை கட்டிக்கொண்டிருப்பவள், போகிற வழியில் தனக்காக ஏதாவது செய்யலாமே என்று ஆரம்பித்ததுதான் ‘முன்சீட்டு’ என்கிற அந்த வலைப்பூ. இந்தக் காலத்தில் யாராவது வலைப்பூ வைத்துக்கொள்வார்களா என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் முகத்தைக் காட்டு, ஆடிக் காட்டு என்று பிடுங்குகிறார்கள். இங்கே முகம் வேண்டியதில்லை. அவளுடைய படம் இருக்க வேண்டிய இடத்தில் சாப்பாட்டுப் பையின் படம்தான் இருந்தது.

டிரைவருக்கு நேர் பின்னால் ஜன்னலோர சீட். அங்கே உட்கார்ந்து, பஸ்ஸில் நடப்பதையெல்லாம் நாலு கட்டம் போட்டுக் கேலிச் சித்திரமாக வரைவாள். குலுக்கலில் கோடுகள் நடுங்கும். அதை அவளுடைய தனிப் பாணி என்று வாசகர்கள் சிலாகித்தார்கள். ரோட்டுக்குச் சேர வேண்டிய பெருமையை அவளும் சத்தம் காட்டாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கதாநாயகன், டிரைவர் அருமைநாயகம் அண்ணாச்சியின் பின்மண்டை. சுற்றிலும் முடி, நடுவில் பளபளவென்று வழுக்கை, அதற்குக் கீழே கழுத்தில் இரண்டு மடிப்பு. அந்த மடிப்புகளை உதடாக்கி எப்சிபா அதைப் பேச வைத்துவிட்டாள். யாராவது சில்லறை இல்லை என்று சண்டை போட்டால் மண்டை முகம் சுளிக்கும். மாங்காய் மூட்டை ஏறினால் பெருமூச்சு விடும். ‘இன்னைக்கு வழுக்கை மூட் எப்படி?’ என்று கேட்டு செங்கோட்டையிலிருந்து ஷார்ஜா வரை கமெண்ட் வந்தது. ரசிகர் மன்றம் என்று ஒன்றை அவர்களாகவே ஆரம்பித்து, மண்டைக்குப் பிறந்தநாளும் குறித்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் சந்தனக் கலர் கம்பளி நூலில் வழுக்கையும் கறுப்பு நூலில் முடியுமாகக் குட்டியாக ஒரு மண்டை பின்னி, செய்முறையோடு போட்டாள். அவளுடைய சிநேகிதி சமீனா, பத்திர ஆபீஸுக்கு எதிரே பேன்சி கடை வைத்திருப்பவள், அதைப் பார்த்து ஒரு டஜன் பின்னிக் கடையில் தொங்கவிட்டாள். அதில் ஒன்றைக் கடற்கரை வாங்கி வந்து பஸ்ஸின் முன்கண்ணாடியில் மாட்டினான். தெரியாமல் மாட்டினேன் என்றுதான் இன்றுவரை சாதிக்கிறான்.

அருமைநாயகம் அண்ணாச்சி பல நாள் தன் தலை தன் கண்ணெதிரே ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். தன் பின்மண்டையை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அதை ஏதோ மங்குஸ்தான் பழம் என்று நினைத்துக்கொண்டாராம்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகும் எப்சிபா உட்கார்ந்தே இருந்தாள். அவர் திரும்பவில்லை.

“எனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்குல்லா?” என்றது பின்மண்டை.

“இருக்கு அண்ணாச்சி.”

“பொறவு? செங்கோட்டையில மக வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மருமவன் சொந்தத்துல உள்ள பிள்ளையெல்லாம் ஓடி வந்து, ‘தாத்தா, கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க’ன்னுதுவ. என்னமோ ஏதோன்னு திரும்பினா, எம் பொறத்தால நின்னு செல்ஃபி எடுக்குதுவ. பொண்ணு மாப்பிள்ளையக்கூட அத்தன படம் எடுக்கல.” கழுத்து மடிப்புகள் இறுகின. “இத்தன வருசமா வண்டி ஓட்டுதேன். ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட ஏத்துனது கெடையாது. கடைசில நான் வெறும் மண்டையா?”

எப்சிபாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

“ஒண்ணு எம் மூஞ்சியப் போடுங்க. இல்ல, எல்லாத்தையும் அழிச்சிருங்க. சீசனுக்கு வண்டி குற்றாலம் வரைக்கும் போவுதுல்லா, சனிக்கெழம அங்கன அரை மணி நேரம் நிக்கும். வாங்க.”

அவர் கேட்டது நியாயம். அதுதான் அவளை ரொம்பத் தொந்தரவு செய்தது. அழித்துவிடுவது சுலபம், ஆனால் நாலு எல்லை போட்டு இது எப்சிபாவுடையது என்று எழுதக்கூடிய சொத்து உலகத்தில் அது ஒன்றுதான். முகத்தை வரைந்துவிடலாமே என்றால், அவளுக்கு முகம் வராது. மூக்கு கத்தரிக்காயாகிவிடும். இத்தனை வருடமும் முதுகும் தோளும் கொண்டையுமாக ஓட்டிவந்தது அதனால்தான். அதைவிட மோசம், அண்ணாச்சியின் முகத்தை எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஏறியதும் சீட் பிடிக்க ஓடுகிறவள் அவரை எங்கே பார்த்தாள்?

“அண்ணாச்சிக்கு மீச உண்டுமா சமீனா?”

“ஏட்டி, தெனமும் அந்த பஸ்ல வாரவ நீயா நானா?” என்றாள் சமீனா. கடையில் தொங்கிய மண்டைகள் அத்தனையும் எப்சிபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சிப்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணாச்சி தயாராக இருந்தார். மீசை இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் மை அடித்திருக்க வேண்டும்; பக்கத்துத் தோலும் சேர்ந்து கறுத்திருந்தது. ஓர முடியை இழுத்து எண்ணெய் வைத்து வழுக்கையின் மேல் படிய வாரியிருந்தார். அவள் பென்சிலை எடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆதார் கார்டுக்கு உட்கார்ந்ததுபோல விறைத்துவிட்டார்.

அருவிக்குப் போகிற கூட்டம் உடம்பெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக வந்து சூழ்ந்துகொண்டது. காதைப் பெரிசாகப் போடுங்கள் என்றார் ஒருவர். மூக்கு இவ்வளவு வீங்கியிருக்காதே என்று சிப்ஸ் கடைக்காரர் கரண்டியும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார். எப்சிபா அழித்தாள், போட்டாள், மறுபடி அழித்தாள். கடைசியில் கடற்கரை எட்டிப் பார்த்து, “காணவில்லைன்னு செவத்துல ஒட்டுவாங்கல்லா, அத மாதிரி இருக்குக்கா,” என்றான்.

அண்ணாச்சி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்க மச்சான் மாதிரில்லா இருக்கு,” என்றார். “அவம் மூஞ்சி எனக்கு ஆவாது.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துண்டால் துடைத்தபோது, படிய வாரிய முடி பிரிந்து ஒரு பக்கமாகத் தொங்கிற்று. எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊரையே சிரிக்க வைத்த மனுஷரை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்றிருந்தது.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எனக்கு மூஞ்சி வராது. நைட்டு எல்லாத்தையும் அழிச்சிருதேன்.”

அவர் தாளை நனையாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். பாதியில் நின்றார்.

“பாக்காம எப்படி வரும்? நான் ஒங்கள தெனமும் பாக்கேன். மேல கண்ணாடி இருக்குல்லா. படம் போடும்போது நாக்கக் கடிச்சுக்கிட்டே போடுவிய. பள்ளத்துல வுழுந்து நாக்கு துண்டாயிரக்கூடாதேன்னு அங்கனயெல்லாம் பிரேக்க அமத்திப் புடிச்சு மெதுவா எடுப்பேன். இந்த வாரம் கோவத்துலகூட ஒங்கள ஓடத்தான் வச்சேன். பள்ளத்துல வுடல.”

சாரலில் நின்றபடி எப்சிபா தன் நாக்கைப் பற்றி யோசித்தாள். அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அம்மா சொன்னதில்லை, புருஷன் சொன்னதில்லை.

வண்டி எடுக்கும் முன் அண்ணாச்சி எழுந்து நின்று, மேலே கண்ணாடியைப் பாதி மறைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டார். எப்சிபா வழக்கமான சீட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். எதிரே அதே பின்மண்டை, சாரலில் நனைந்து மினுங்கியது. முன்கண்ணாடியில் கம்பளி மங்குஸ்தான் ஆடியது. திரும்பும் வழியில் இலஞ்சி தாண்டும்போது கடற்கரை யாரையோ பார்த்து ஏதோ சொன்னான், பின்மண்டை குலுங்கியது. எப்சிபா நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

கண்ணாடிக்குள் ஒரு ஆள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று இல்லை. மீசை மை சாரலில் கரைந்து உதட்டோரம் ஒழுகியிருந்தது. அவருடைய தோளுக்கு மேலே, அதே கண்ணாடியின் மூலையில், நரைத்த வகிடும் கையில் பென்சிலுமாக ஒரு பொம்பளை நாக்கைக் கடித்தபடி தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை முதலில் போடுவது என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு பள்ளம் வந்தது. பஸ் மெதுவானது.