மஞ்சள் பூசிய மண்டையோடு

இதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லவும் தயார்.

பழனியப்பனின் மகள் வாணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பத்தரைக்கு முகூர்த்தம். தாலி பழனியப்பனின் சட்டைப் பையில் இருந்தது. அவரோ இன்னும் முக்கால் மணி நேரத் தொலைவில் கிள்ளானில், உயிரை விட்ட காருக்கு முன்னால் நின்றார். மைத்துனன் யுகேந்திரன் தன் லோரிச் சாவியை நீட்டினான். ரசாயனம் ஏற்றும் லோரி, அன்று காலி. முன்னும் பின்னும் 1689 என்ற எண், பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் ஒரு மண்டையோடு.

“கல்யாணத்துக்கு இந்த மூஞ்சியோடயா போறது?”

“ஸ்டிக்கர உரிக்க நேரமில்ல மச்சான். போங்க லா!”

பழனியப்பனுக்கு மனம் கேட்கவில்லை. மஞ்சள்தூளைக் குழைத்து மண்டையோட்டு முகத்தில் அப்பி, நெற்றியில் குங்குமமும் வைத்தார். மீந்த தூளைக் கதவோரம் தூவினார். மாலைக் கூடைகளை ஏற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினார்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசல் அவருக்கு மட்டும் விலகி வழிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் அவசரம் ஊருக்கே புரிகிறது என்று உருகிப்போனார்.

பங்சாரில் தீயணைப்பு வண்டி குறுக்கே நின்றது. வெள்ளைக் கவசம் அணிந்தவர்கள் லோரியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அவர்களின் தலைவர் முகுந்தன் ஒலிபெருக்கியில் அலறினார்.

“அங்கிள், அசையாதீங்க! மஞ்சப் பவுடர் லீக் ஆவுது!”

“நான் பூசுன மஞ்சத்தூளு தம்பி! உள்ள மல்லிகைப்பூ லா!”

“1689னா உலகம் பூரா சயனைட். உங்க ஒருத்தருக்கு மட்டும் மல்லிகைப்பூவா?”

பழனியப்பன் தூளைத் தொட்டு நக்கிக் காட்டினார். கூட்டம் மொத்தமும் பின்வாங்கி, அவர் சாவதற்காக மரியாதையோடு காத்திருந்தது.

“கண்ணு கலங்குதா அங்கிள்?”

“கலங்குது!”

“மூச்சு முட்டுதா?”

“பொண்ணு மணவறையில உட்கார்ந்திருக்கா, முட்டாதா?”

“எல்லா அறிகுறியும் இருக்கு,” என்றார் முகுந்தன் வருத்தத்துடன்.

கைபேசி அலறியது. மனைவி புனிதா. “எங்கங்க இருக்கீங்க? ஐயரு அதே மந்திரத்த மூணாவது வாட்டி சொல்றாரு. மாப்பிள்ள வீட்ல எந்திரிச்சி நிக்கிறாங்க. வாணி அழுவுறா!”

பழனியப்பன் கொதிக்கும் தார்ச்சாலையில் மண்டியிட்டார். தாலியைத் தூக்கிப் பிடித்தார். “என்னைய இங்கயே கட்டிப் போடுங்க. செத்தாலும் சரி. இத மட்டும் அனுப்புங்க தம்பி. எம்பொண்ணு தம்பி.”

முகுந்தன் நீளமான இடுக்கியால் தாலியை வாங்கினார். கயிற்றிலும் மஞ்சள். முறைப்படி அதை இரும்பு டப்பாவில் அடைத்து, மண்டையோட்டு முத்திரை ஒட்டி, சைரன் வண்டியில் அனுப்பினார்.

விஷம் போகக் குளிப்பாட்டும் குழாய்க்கு அடியில் நனைந்தபடி, பழனியப்பன் கைபேசி வீடியோவில் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கவசத்தில் ஒருவர் டப்பாவோடு நுழைந்தார். பெண்கள் பயபக்தியோடு டப்பாவுக்கும் பொட்டு வைத்தார்கள். தடித்த ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் எப்படியோ போட்டுவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது.

பழனியப்பன் விம்மினார். பையிலிருந்து மஞ்சள் அட்சதையை அள்ளி வானத்தில் வீசினார். படை முழுவதும் பங்சார் மேட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

சத்தியம் செய்த அவசரத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பழனியப்பன் இன்றுவரை பிரம்மச்சாரி.