மாமனார் வந்துட்டாரு

தையல்காரருக்கு அந்த நகைச்சுவை நாடகத்தில் வேலைக்காரன் வேடம். வசனம் ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்து, "ஐயா, மாமனார் வந்துட்டாரு!" என்றார். யாரும் வரவில்லை. மாமனாராக நடிப்பவர் தாழ்ப்பாள் சிக்கி ஒப்பனை அறையில் மாட்டிக்கொண்டிருந்தார். கதாநாயகன் முறைத்தான். தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "மாமனார் வந்துட்டாருங்க!" என்று மறுபடியும் அலறினார்.

முன்வரிசையில் தூங்கி வழிந்த அவருடைய சொந்த மாமனார் திடுக்கிட்டு எழுந்தார். "வந்து ஒரு மணி நேரமாச்சு மாப்பிள்ளை, இப்பதான் கண்ணுக்குத் தெரியுதா?" என்றபடி மேடையேறி, சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "முதல்ல ஒரு காபி கொண்டாங்க."

அரங்கமே குலுங்கியது. இயக்குநர் மாமனார் வேடத்தை மறுநாளே அந்தச் சொந்த மாமனாருக்கே கொடுத்துவிட்டார். தையல்காரருக்கும் ஒரு வசனம் கூடியது: "சர்க்கரை போதுமாங்க?"