அரை டாக்டர்

ஆய்வகத்தில் அவளுக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். முனைவர் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை என்பது ஒரு காரணம். நாள் முழுக்க எதையாவது அரைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. மற்றவர்கள் குடுவையில் நச்சுக் கரைப்பானை ஊற்றிக் கொதிக்கவைத்துச் செய்கிற மருந்துப்பொருளை, அவள் இரண்டு பொடிகளை எஃகுக் குண்டுகளோடு ஜாடியில் போட்டு, எந்திரத்தில் குலுக்கியே செய்துவிடுவாள்.

"வீட்ல அரைக்கச் சொன்னா முகத்தைத் தூக்குற, அங்க போய் அரைக்கிற" என்பான் புருஷன்.

இன்று நிபுணர் குழு வருகிறது. ஒரு வருஷக் கால நீட்டிப்பு கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பட்டமில்லாமல் நடையைக் கட்டவேண்டியதுதான்.

சத்தம் தாங்கவில்லை என்று எந்திரத்தைச் சாமான் அறைக்குத் தள்ளிய துறைத்தலைவர், இன்று பச்சை டை கட்டி வந்திருந்தார். குழுவுக்காக ஒட்டிய சுவரொட்டியில் 'ஒரு துளி கரைப்பானும் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டதும் அவரே. அது சரியில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அடக்கி வாசிக்கிற நேரமா இது என்று வாயை அடைத்துவிட்டார்.

அவர் பேச்சிலேயே பூமியைக் காப்பாற்றி முடிக்கும்வரை குழுத்தலைவி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு நின்றார். பிறகு ஜாடியைத் திறந்து பார்த்தார். உள்சுவரெல்லாம் வெள்ளையாய் அப்பிக் கிடந்தது.

"இதை எப்படிம்மா வெளிய எடுக்கிறீங்க?"

துறைத்தலைவர் இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"கரைப்பான் ஊத்தித்தான் மேடம். சுத்தம் பண்றதுக்கும் அதேதான். பழைய முறைக்கு ஆகிறதுல அரைவாசி ஆகுது."

"அப்போ இந்தச் சுவரொட்டி?"

"அது நான் அரைச்சதில்ல மேடம்."

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். அவள் மேலே சொன்னாள்: ஒரு பொடியை மாற்றிப் பார்க்கிறாள், அது சரிவந்தால் மிச்சமாவது வெறும் உப்பு, தண்ணீரில் அலசினாலே போய்விடும். இப்போதைக்குக் கட்டிதட்டி நிற்கிறது. அதற்குத்தான் நேரம் கேட்கிறாள்.

குழு உள்ளே போய்ப் பேசியது. முடிவைத் தாமே போராடி வாங்கியவர்போல நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார் துறைத்தலைவர்.

புருஷன் போனில் கேட்டான்: "என்னாச்சு? குடுத்தாங்களா?"

"அரை."

"அரையா?"

"அரை வருஷம். வை போனை, அரைக்கணும்."

எந்திரம் கடகடத்தது. துறைத்தலைவர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.