மறைத்து வைத்த எச்சரிக்கைகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த போனை சிவபாண்டி உட்கார்ந்தபடிதான் எடுத்தார். பேச்சு முடியும்போது நின்றுகொண்டிருந்தார். எதிர் மேசையிலிருந்த முனீஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்.

"திருவாதவூர்ல காளைன்னு ஒருத்தருக்கு நம்ம பெட்டி போட்டிருக்கோம்ல. மோட்டார் தானா ஓடிருச்சாம். கை மாட்டிக்கிருச்சு."

முனீஸ்வரி கையிலிருந்த சர்க்யூட் போர்டைக் கீழே வைத்தாள். "எம்புட்டு அடிண்ணே?"

"ரெண்டு விரலு போச்சுங்குறாங்க."

சமயநல்லூரில் சிவபாண்டி நடத்தும் அந்தச் சின்னக் கம்பெனி ஒரே ஒரு பொருளைத்தான் செய்தது. விவசாயி வீட்டிலிருந்தே போன் அடித்துப் பம்புசெட் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டி அது. பெட்டிக்குள் நகக்கண் அளவு மைக்ரோகன்ட்ரோலர் சிப் இருக்கும். அதற்கான நிரலை ஏழு வருடத்துக்கு முன் சூர்யபிரகாஷ் என்பவன் எழுதினான். அவன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின், நான்கு வருடமாக அந்த இடத்தில் முனீஸ்வரி இருந்தாள். மதுரையைச் சுற்றி முந்நூற்று நாற்பது தோட்டங்களில் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காளை மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தங்கப்பொண்ணு வராண்டாவில் நின்றிருந்தாள். கம்பெனிக்காரி என்று தெரிந்ததும் கையிலிருந்த போனை நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க. நானோ அவரோ போன் அடிச்சிருக்கமான்னு பாருங்க. பம்புல தண்ணி ஒழுகுதுன்னு மோட்டாரை நிப்பாட்டிட்டு ஒழுகாம அடைக்க உள்ள சுத்தியிருக்குற கயித்த மாத்திக்கிட்டு இருந்தாரு. கரண்டு போச்சு, வந்துச்சு. வந்ததும் ஓடிருச்சு. வந்தவுக பூராம் அவரத்தான் வையிறாக. கரண்ட வெட்டுற பீஸ் கட்டையப் புடுங்காம எப்படிக் கைய வச்சேன்னு கேக்குறாக."

முனீஸ்வரி போனைப் பார்த்தாள். காலையிலிருந்து பெட்டியின் எண்ணுக்கு ஒரே ஒரு அழைப்புதான் போயிருந்தது. அது மோட்டாரை நிறுத்தச் சொன்ன அழைப்பு. அவளால் தங்கப்பொண்ணுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது சிவபாண்டி, "வேற யாராச்சும் தெரியாம அடிச்சிருப்பாங்களோ?" என்றார்.

"பதியாத நம்பர்லருந்து வந்தா பெட்டி எடுக்காதுண்ணே."

"அப்ப என்னாங்குற?"

"கோளாறு நம்ம பக்கந்தான் இருக்கும்போல. பாக்கணும்."

பார்ப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. நிரலை மனிதர்கள் எழுதும் வடிவத்திலிருந்து சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். சூர்யபிரகாஷின் கம்பைலர் இருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துவிட்டது. அதன்பிறகு நிரலில் யாரும் கைவைக்கவில்லை. கடைசியாகத் தயாரான கோப்பை ஒவ்வொரு சிப்பிலும் ஏற்றிப் பெட்டியை மூடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சூர்யபிரகாஷ் எழுதிய மூல நிரல், அதாவது சோர்ஸ், மட்டும் ஒரு பென் டிரைவில் இருந்தது.

கம்பைலர் ஓப்பன் சோர்ஸ்தான். யாரும் இறக்கிக்கொள்ளலாம். முனீஸ்வரி இன்றைய பதிப்பை இறக்கி நிரலைக் கொடுத்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலை முடிந்தது. ஆனால் கிடைத்த கோப்பின் அளவும், தோட்டங்களில் ஓடும் கோப்பின் அளவும் ஒத்துவரவில்லை. சோதனைப் பெட்டியில் ஏற்றிப் பார்த்தால் சிம் கார்டுப் பகுதி எழுந்திருக்கவே இல்லை.

சிவபாண்டி அவள் பின்னால் வந்து நின்றார். "இந்த சோர்ஸ்தான் அந்தப் பெட்டிக்குள்ள ஓடுதுங்குறதுக்கு என்ன நிச்சயம்? சூர்யா போறப்ப வேற எதையாச்சும் மாத்திட்டுப் போயிருந்தா? இல்ல, அந்தப் பழைய கம்பைலர்லயே கோளாறு இருந்தா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்கும் அதுதான் குடைந்துகொண்டிருந்தது. பழைய கம்பைலரையே கண்டுபிடித்து, அதே கோப்பை மறுபடி உருவாக்கிக் காட்டினாலொழிய எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஓசூருக்கு போன் அடித்தாள்.

"எந்த வெர்ஷன்னு ஞாபகம் இல்லக்கா" என்றான் சூர்யபிரகாஷ். "யாரோ ப்ளாக்ல போட்டிருந்த லிங்க்கத் தட்டி எறக்குனேன். ஏன், என்னாச்சு?"

அவள் சொன்னாள்.

"பழைய லேப்டாப்புல தேடிப் பாக்குறேன்க்கா" என்று வைத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் ஒரு பழைய கோப்புறையை அனுப்பி வைத்தான். அதில் கம்பைலர் இல்லை. ஆனால் கம்பைலர் வேலை செய்தபோது எழுதி வைத்த ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, கம்பைலர் இருந்த கோப்புறையின் பெயரோடு பதிப்பு எண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்கும் மேலான பதிப்பு.

புதன்கிழமை முழுவதும் தேடினாள். ப்ளாக் இருந்த முகவரியில் யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பைலரை வெளியிட்டவர்களின் பழைய பக்கம் வேறொரு பக்கத்துக்குத் தள்ளியது. அங்கே போனால் அது இன்னொரு இடத்துக்கு அனுப்பியது. முன்பின் தெரியாத ஒரு தளத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு கிடைத்தது. இறக்கப் போன விரலை நிறுத்திக்கொண்டாள். அதற்குள் யார் எதைக் கலந்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அவளால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரை நடப்பாள். வெளியே திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். திரும்பி வந்து இன்னொரு வார்த்தையைப் போட்டுத் தேடுவாள். கரண்ட் ஒரு நொடி வெட்டி வந்தால்கூடத் தேடுவதை நிறுத்திவிட்டு விளக்கை அண்ணாந்து பார்த்தாள். இதே நொடியில் எத்தனை தோட்டங்களில் கரண்ட் வெட்டி வந்திருக்கும்? யார் எந்த மோட்டாரின் மேல் கை வைத்திருப்பார்கள்? மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஆரப்பாளையம், பிறகு சமயநல்லூர் என்று தினமும் மூன்று பஸ் மாறி வருகிற பாதையில், இதுவரை அவள் கவனித்தே இராத மோட்டார் ரூம்கள் எல்லாம் இப்போது வயலுக்கு வயல் தெரிந்தன.

வியாழக்கிழமை, வெளியீட்டாளர்களே பராமரித்த பழைய பதிப்புகளின் பட்டியல் ஒன்று அகப்பட்டது. பட்டியலின் அடியில் அந்த எண் இருந்தது. கோப்பில் யாரும் எதையும் கலக்கவில்லை என்று உறுதிசெய்ய உதவும் சரிபார்ப்புக் குறியும் பக்கத்திலேயே இருந்தது. இறக்கி, குறியை ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. ஆனால் கம்பைலர் ஓட மறுத்தது. அது பழைய தலைமுறை கம்ப்யூட்டருக்காகச் செய்தது. அதற்குத் தேவையான பழைய துணை நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

கோப்பு உருவானது. தோட்டத்துப் பெட்டியில் இருந்ததோடு பைட் பைட்டாக ஒப்பிட்டாள். பதினோரு இடங்களில் மட்டும் மாறியிருந்தது. அந்தப் பதினொன்றும் நிரல் உருவான தேதியும் நேரமும் பதிவாகும் இடங்கள். பழைய தேதியைக் கொடுத்து மறுபடி உருவாக்கினாள். ஒரு வித்தியாசமும் இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "இதே சோர்ஸ்தான். சூர்யா எதையும் மாத்தல."

"அப்ப கம்பைலரா?"

"தெரியல. இப்பதான் அதப் பாக்கப் போறேன்."

சொல்லும்போதே அவள் கண் திரையில் ஒரு வரியில் நின்றது. கம்பைலருக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று கட்டளையிடும் கோப்பு அது. அந்த வரியின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஒரே ஒரு எழுத்தும் இருந்தன. நிரலில் சந்தேகமான இடங்களைப் பற்றி எந்த எச்சரிக்கையையும் காட்டாதே என்று அதற்கு அர்த்தம்.

அந்த எழுத்தை அவள் முதல்முறையாகப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்திருக்கிறாள். ஓடுகிற வண்டியை எதற்குத் தொட வேண்டும் என்று அப்போது விட்டுவிட்டாள்.

அந்த எழுத்தை அழித்துவிட்டு, எல்லா எச்சரிக்கையும் காட்டச் சொல்லி, பழையதைவிட நுணுக்கமாகப் பார்க்கும் புதிய கம்பைலரிடம் கொடுத்தாள். அறுபத்தொரு எச்சரிக்கைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலாவது ஒன்றுமில்லாதது. பத்தாவதும் அப்படித்தான். சிம் கார்டுப் பகுதி ஏன் எழுந்திருக்கவில்லை என்பது நடுவிலேயே விளங்கியது. கொஞ்சம் காத்திரு என்பதற்காகச் சூர்யபிரகாஷ் ஒன்றும் செய்யாத ஒரு சுழற்சியை எழுதியிருந்தான். புதிய கம்பைலர் அதை வெட்டி வேலை என்று தூக்கிவிட்டது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே போனாள்.

நாற்பத்து மூன்றாவது எச்சரிக்கையில் நின்றாள். 'இந்த மாறி, மதிப்பு தரப்படாமலே பயன்படுத்தப்படலாம்.' மாறி என்பது நிரல் ஒரு எண்ணைப் போட்டு வைக்கும் இடம்.

கரண்ட் போய் வந்ததும் பெட்டி தன் நினைவகத்தைப் பார்க்கும். மோட்டார் கடைசியாக ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்ற குறிப்பு நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே எழுதப்படும். சரியாக எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் போனால் குறிப்பு பாதியில் நிற்கும். குறிப்பு சிதைந்திருக்கிறது என்பதைப் பெட்டி கண்டுபிடித்துவிடும். அப்போது 'நில்' என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அந்த வரி எழுதப்படவே இல்லை; கோளாறு கம்பைலரில் அல்ல, நிரலில். அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு எண்ணைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அது பூஜ்யமாக இருந்தால் மோட்டார் நிற்கும். வேறு எதுவாக இருந்தாலும் ஓடும்.

மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, குறிப்பு எழுதும் நேரத்தைப் பார்த்துக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும்படி ஒரு ரிலேயை அமைத்தாள். சிவபாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நூறு முறை ஒன்றும் ஆகவில்லை. நூற்றைம்பதிலும் இல்லை. நூற்றெண்பத்தேழாவது முறை, யாரும் சொல்லாமல் பல்பு எரிந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சர்வீஸுன்னு சொல்லிட்டு ஒவ்வொன்னா மாத்திரலாம்" என்றார் சிவபாண்டி மெல்ல. "இத வெளிய சொன்னா கம்பெனி இருக்காதுத்தா."

"மாத்தி முடிக்க ரெண்டு மாசம் ஆகும்ணே. அதுக்குள்ள இன்னொருத்தர் கைய வச்சா?"

அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் அங்குமிங்கும் நடந்தார். முனீஸ்வரி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வராவிட்டால் தானே முந்நூற்று நாற்பது பேருக்கும் போன் அடிப்பது என்று முடிவு செய்து, எண்களின் பட்டியலைத் திறந்தாள். இருபது நிமிடம் கழித்து அவர் உள்ளே வந்து தன் போனை எடுத்தார். நின்றுகொண்டே குரல் பதிவு செய்தார்.

"ஐயா, நான் சிவபாண்டி பேசுறேன். நம்ம பெட்டியில ஒரு கோளாறு இருக்கு. கரண்டு போயி வந்தா மோட்டார் தானா ஓடலாம். நாங்க வந்து மாத்துற வரைக்கும் பீஸ் கட்டையப் புடுங்காம யாரும் மோட்டார்ல கை வைக்காதீங்க. தப்பு எங்களோடது."

எல்லோருக்கும் அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் போன் அலற ஆரம்பித்தது. அன்று அவர் வாங்கிய வசவுகளுக்குக் கணக்கில்லை. ஒருவருக்கும் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

அறுபத்தொரு எச்சரிக்கைகளையும் சரிசெய்ய முனீஸ்வரிக்கு நான்கு நாள் ஆயிற்று. புதிய கம்பைலரையே வைத்துக்கொண்டாள். இனி ஒரே ஒரு எச்சரிக்கை வந்தாலும் கோப்பு உருவாகாதபடி கட்டளையை மாற்றினாள். கம்பைலரையும் நிரலையும் மூன்று இடங்களில் சேமித்தாள். பத்தாயிரம் முறை கரண்டை வெட்டிப் பார்த்தாள். பல்பு எரியவில்லை.

முதல் பெட்டியை மாற்றத் திருவாதவூருக்குத்தான் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட காளை வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. முனீஸ்வரி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். எழுதப்படாத வரியைப் பற்றியும், நான்கு வருடத்துக்கு முன் தான் பார்த்தும் விட்டுவிட்ட எழுத்தைப் பற்றியும் சொன்னாள்.

"அத நான் அன்னைக்கே எடுத்திருந்தா உங்களுக்கு இப்படி ஆகியிருக்காதுண்ணே."

தங்கப்பொண்ணு கதவருகில் நின்றாள்.

"அப்ப என் மேல தப்பு இல்லயில்ல?" என்றார் காளை.

"இல்லண்ணே. நீங்க நிப்பாட்டச் சொல்லி அடிச்ச கால் போன்லயே பதிஞ்சிருக்கு."

"என் மச்சினன் நேத்துக்கூட வஞ்சுட்டுப் போனான். அவனுக்குப் போன் போடுறேன். இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே அவன்ட்ட சொல்லு."

அவர் இடக்கையால் தடுமாறி எண்ணைத் தேடினார். முனீஸ்வரி போனை வாங்கி, முகம் தெரியாத அந்த மனிதனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். காளை ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டார்.

"பெட்டி வேணாம்" என்றாள் தங்கப்பொண்ணு, எல்லாம் முடிந்தபிறகு. "சரி பண்ணதாவே இருக்கட்டும். எனக்கு வேணாம். கழட்டிட்டுப் போங்க."

முனீஸ்வரி மோட்டார் ரூமுக்குப் போய் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

மற்றவற்றை மாற்ற ஏழு வாரம் பிடித்தது. சிலர் திட்டினார்கள், சிலர் மோர் கொடுத்தார்கள். நாற்பது பேர் பெட்டியே வேண்டாம் என்றார்கள். முடிவில் பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சின. மூன்று எண்களும் உபயோகத்தில் இல்லை. ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வாங்கியவர் யார் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"விடுத்தா, முடிஞ்சதப் பாத்துட்டோம்" என்றார் சிவபாண்டி.

"இந்த ஞாயித்துக்கிழமை நத்தம் பக்கம் போறேன்ணே. அங்க ஒருத்தரு இருக்காராம், அந்த நிலத்த வாங்குனவரோட அண்ணனா இருக்கலாம்னு சொல்றாங்க" என்றாள் முனீஸ்வரி. கருவிப் பையில் புதிய நிரல் ஏற்றிய மூன்று சிப்புகள் இருக்கின்றனவா என்று மறுபடியும் எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.